உடைந்த கண்ணாடியும் ஏழாண்டுக் கணக்கும்

முகம் பார்க்கும் கண்ணாடி உடைந்தால் வீட்டுக்கு ஆகாது என்னும் நம்பிக்கை நம்மவரிடையே ஆழ வேரூன்றியதொன்று. புனே கேம்ப்பிலும் அதனைச் சூழ்ந்த காலனிகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இதனை அறியாத இல்லம் இராது. சுவரில் மாட்டிய கண்ணாடி தவறி விழுந்துவிட்டால், முதலில் எழ வேண்டுவது குழந்தைகளின் காலில் சில்லு குத்தியதா என்னும் கேள்வி. ஆனால் எழுவதோ இன்று என்ன கிழமை, உடைத்தவர் யார் என்னும் கேள்விகளே. இவ்வச்சம் நம்மிடம் எப்போது வந்தது, எவ்வழியாக வந்தது என்பதனை வரலாற்றின் துணை கொண்டு ஆராயலாம் என்று யாம் புகுந்தோம். முன்னோர் சொத்தென்று நாம் போற்றி வரும் இந்த அச்சம் அத்துணைப் பழைமை வாய்ந்ததன்று என்பதே யாம் கண்ட முடிபு.

இஃது ஏட்டளவில் நிற்கும் ஆராய்ச்சியன்று. சில ஆண்டுகட்கு முன் நமக்கு அறிமுகமான ஓர் இல்லத்திற்குத் தை மாதத்தில் மருமகள் ஒருத்தி வந்தாள். அவள் சீராகக் கொண்டுவந்த கண்ணாடி பங்குனியில் சுவரிலிருந்து விழுந்து நொறுங்கியது. அடுத்த வாரமே மாமனார் சைக்கிளிலிருந்து விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டார். அவ்வாண்டு மகனுக்கு வரவேண்டிய பதவி உயர்வும் தள்ளிப்போயிற்று. 'அத்தை, ஆணி துருப்பிடித்திருந்தது' என்று அப்பெண் சொன்னதைச் செவிமடுத்தார் எவருமில்லை. ஆடி மாதம் சாக்கு ஆயிற்று. பிறந்தகம் சென்றவள் திரும்பி வர எட்டுத் திங்கள் ஆயின. இன்று அக்குடும்பம் நலமாயிருக்கின்றது. ஆயினும் ஒரு துருப்பிடித்த ஆணியின் குற்றத்திற்கு ஒரு பெண் எட்டுத் திங்கள் தண்டம் கட்டினாள் என்பதை மறக்க இயலவில்லை. இத்தகைய பழி எப்போதும் வீட்டுக்குப் புதிதாய் வந்தவள் மீதோ, வேலைக்கு வரும் எளியவள் மீதோ விழுகின்றதேயன்றி, குடும்பத் தலைவர் சவரம் செய்யும்போது கண்ணாடியை உடைத்தால் அவர் மீது விழக் கண்டதில்லை.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

இன்று 'கண்ணாடி' என்றால் நம் மனத்தில் தோன்றுவது பின்புறம் வெள்ளிப் பூச்சுப் பூசிய பளிங்குத் தகடு. பண்டையோர் அறிந்த ஆடி அதுவன்று. சிந்துவெளி அகழ்வுகளில் கிடைத்த ஆடிகள் செம்பாலானவை. தமிழ் நூல்களில் வரும் ஆடி, மண்டிலம், தட்டொளி என்னும் பெயர்களும் வட்டமாய்த் தட்டி மெருகேற்றிய உலோகத் தகட்டையே பெரிதும் சுட்டின. மார்கழியில் நம் பஜனைக் கூடங்களில் ஒலிக்கும் திருப்பாவையை நினைத்துப் பார்க்கவும். நோன்பு நோற்கும் பெண்கள் விசிறியோடு சேர்த்துக் கேட்பது தட்டொளி என்னும் பொருளைத்தான். ஸ்ரீவில்லிபுத்தூரிலோ கண்ணாடிக் கிணறு என்றே ஒரு கிணறு உண்டு. சூடிய மாலையோடு தன் அழகை ஆண்டாள் அதன் நீரில் கண்டாள் என்பது மரபு. கிணற்று நீர் கலங்குமே தவிர உடையாது.

உலோக ஆடிக்கு நேரும் பெருங்கேடு உடைதலன்று, மங்குதலே. ஆதலால் பழம்புலவர் கண்ணாடியைப் பற்றிக் கவலைப்பட்ட இடங்களிலெல்லாம் மாசையும் ஆவியையும் பற்றியே கவலைப்பட்டனர். அகநானூற்றுப் பாட்டொன்றில், ஆடியின் மேல் ஊதிய மூச்சு சிறிது சிறிதாகச் சுருங்கி மறைவது, வலிமை மெல்ல மெல்லத் தேய்ந்து மாய்வதற்கு உவமையாகின்றது. என்ன நுட்பமான பார்வை!

'பழந்தமிழர் சகுனம் பார்க்கவில்லையா?' என்று அன்பர் சிலர் கேட்கலாம். நன்றாகவே பார்த்தனர். முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் நாழியில் நெல்லும் முல்லை மலரும் கொண்டு சென்று, அயலார் வாயிலிருந்து தற்செயலாய் வரும் நற்சொல்லுக்காகக் காத்து நிற்கின்றனர். அதற்கு விரிச்சி என்று பெயர். பறவையின் குரலும் பல்லியின் ஒலியும் கண் துடித்தலும் நம் இலக்கியங்களில் நிறைய உண்டு. இவற்றையெல்லாம் ஒருங்கே காண விரும்புவோர் சிலப்பதிகாரத்தைக் கையிலெடுத்தால் போதும்.

இந்திர விழாவின்போது கண்ணகிக்கு இடக்கண் துடிக்கின்றது. மாதவிக்கு வலக்கண் துடிக்கின்றது. கோவலன் கொலையுண்ணும் வேளையில் மதுரை ஆயர்பாடியில் குடத்துப் பால் உறைய மறுக்கின்றது, எருதின் கண்ணில் நீர் வழிகின்றது, உறியிலுள்ள வெண்ணெய் உருகாமல் நிற்கின்றது, ஆட்டுக்குட்டிகள் துள்ளாமல் கிடக்கின்றன, பசுக்களின் கழுத்து மணி அறுந்து மண்ணில் விழுகின்றது. பாண்டிமாதேவியோ தீக்கனாக் காண்கின்றாள். செங்கோலும் வெண்குடையும் சாய்கின்றன. வாயில் மணி தானே அதிர்கின்றது. ஞாயிற்றை இருள் விழுங்குகின்றது. இரவில் வானவில் தோன்றுகின்றது. பகலில் விண்மீன் விழுகின்றது. ஓர் அரசே அழியப்போகும் நேரத்தில் இளங்கோவடிகள் தமக்குத் தெரிந்த தீக்குறிகள் அனைத்தையும் அடுக்கிவிட்டார் என்றே சொல்லலாம்.

இவற்றுள் உடைந்த கண்ணாடி இல்லை.

அதிலும் ஒரு விந்தை உண்டு. கனவு கண்ட தேவி அதனை மன்னனிடம் சொல்லப் புறப்படும்போது உடன் செல்லும் பணிமகளிரை அடிகள் வரிசையாகக் காட்டுகின்றார். அவ்வரிசையில் முதலில் நிற்பவர்கள் கண்ணாடி ஏந்திய மகளிரே! தீக்குறிகள் நிறைந்த அந்தக் காதையிலேயே கண்ணாடி வந்து நிற்கின்றது. உடைந்தால் கேடு என்னும் எண்ணம் அக்காலத்தில் இருந்திருக்குமானால், ஒரு பணிப்பெண்ணின் கையிலிருந்து அதனை நழுவவிட அடிகளுக்கு ஒரே ஓர் அடி போதும். அவர் அவ்வாறு செய்யவில்லை. ஆடி அரசியோடு சென்று அரசவையில் மங்கலப் பொருளாகவே நிற்கின்றது.

உலோக ஆடி உடையவே உடையாது என்று யாம் வாதிட வரவில்லை. கேரளத்து ஆறன்முளையில் இன்றும் செய்யப்படும் ஆறன்முளைக் கண்ணாடி செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்தது. வெள்ளீயம் மிகுதியாதலால் கைதவறி விழுந்தால் அதுவும் சில்லாகப் போய்விடும். அதனைச் செய்யும் கைவினைஞரின் முன்னோர் திருநெல்வேலிச் சீமைச் சங்கரன்கோயிலிலிருந்து சென்றவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் வரலாறு. நமக்கு அதில் சற்றுப் பெருமையும் உண்டு. ஆனால் அத்தகைய ஆடி அரண்மனைக்கும் ஆலயத்துக்கும் உரியது. குடியானவன் வீட்டில் இருந்த செம்புத் தகடு விழுந்தால் நசுங்கும். புளியிட்டுத் தேய்த்தால் மீண்டும் ஒளிரும். அதற்குச் சாந்தி வேண்டியதில்லை.

அவ்வாறாயின் அச்சம் எங்கிருந்து வந்தது? மேல்நாட்டை நோக்கித் திரும்ப வேண்டியிருக்கின்றது.

மனித உடல் ஏழாண்டுக்கொரு முறை புதுப்பிக்கப்படுவதாக ரோமர் நம்பினர். ஆகவே உடைந்த கண்ணாடியின் கேடு ஏழாண்டு நீடிக்கும் என்றனர். இவ்வாறு பலர் எழுதுவர். யாம் இதனை எளிதில் ஏற்பதற்கில்லை. ரோமரிடம் சிறு கண்ணாடி வில்லைகள் சில இருந்தன எனினும், பெருவழக்காய் இருந்தவை நம்மிடம் இருந்தவை போன்ற உலோக ஆடிகளே. பெரிய பளிங்குக் கண்ணாடியைச் செய்து உலகை மயக்கியவர்கள் வெனிஸ் நகரத்தார். அவர்களுடைய கண்ணாடி உலைகள் 1291 ஆம் ஆண்டில் முரானோ என்னும் தீவுக்கு மாற்றப்பட்டன. தொழில் இரகசியம் தெரிந்தவன் தீவை விட்டு வெளியேறினால் தண்டனை. பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர் 1665 இல் அவ்வூர்த் தொழிலாளர் சிலரை ஆசை காட்டி வரவழைத்துத் தம் நாட்டில் ஆலை தொடங்கினார். 1684 இல் முடிந்த வெர்சாய் அரண்மனைக் கண்ணாடி மண்டபத்தில் 357 கண்ணாடிகள் பதிக்கப்பட்டன. மன்னனின் செல்வத்தைக் காட்டுதற்குப் பொன்னை விடக் கண்ணாடியே சிறந்ததென்று கருதிய காலம் அது.

இவ்வளவு விலையுயர்ந்த பொருளைத் துடைக்கும் வேலையோ மிகக் குறைந்த கூலி பெறும் பணியாளனுடையது. உடைத்தால் தீராக் கேடு என்று அவனை அச்சுறுத்தி வைத்தல் உடையவனுக்கு எவ்வளவு வசதி! இது நம் ஊகமே எனினும், பழி எப்போதும் எளியவர் மீது விழுகின்றது என்று மேலே கூறியதோடு இது பொருந்தி வருகின்றது. அன்றியும் உருவத்தின் நிழலில் உயிர் தங்குகின்றது என்னும் எண்ணம் ஐரோப்பிய மக்களிடையே பரவியிருந்தது. இழவு வீட்டில் கண்ணாடியைத் துணியிட்டு மூடும் வழக்கம் அதனாலாயது. இங்கிலாந்தில் நாட்டுப்புற நம்பிக்கைகளைத் திரட்டிய பிரான்சிஸ் குரோஸ் என்பவர் 1787 இல் வெளியிட்ட நூலில், கண்ணாடி உடைதல் மிகத் தீயது, அதற்குரியவர் தம் உற்ற நண்பரை இழப்பார் என்னும் நம்பிக்கையைக் குறித்திருக்கின்றார். நம் காப்பியங்களின் காலத்தோடு ஒப்பிட்டால் இது நேற்றைய செய்தி.

கண்ணாடியால் உண்மையிலேயே கேடுற்றவர்கள் வேறு சிலர் உண்டு. அக்காலத்தில் கண்ணாடியின் பின்புறம் வெள்ளீயமும் பாதரசமும் சேர்த்துப் பூசினர். அந்தப் பாதரச ஆவியை நாள்தோறும் சுவாசித்த தொழிலாளர் கை நடுங்கிப் பல் உதிர்ந்து நோயாளிகளாயினர். அவர்கள் கண்ணாடியை உடைத்ததனால் கெட்டவர்களல்லர், செய்ததனால் கெட்டவர்கள். 1835 இல் ஜெர்மன் வேதியியலறிஞர் லீபிக் வெள்ளியைக் கண்ணாடி மேல் மெல்லிய படலமாகப் படியச் செய்யும் முறையைக் கண்டார். அதன் பின்னரே கண்ணாடி மலிவாயிற்று, அஞ்சாமல் செய்யக்கூடியதுமாயிற்று.

மலிவான சரக்கும் இருப்புப் பாதையும் நம் நாட்டிற்கு ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்தன. சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856 இல் வண்டி ஓடிற்று. மும்பைப் பாதை புனேயை எட்டியது 1858 இல். அரசர் மாளிகையில் மட்டும் இருந்த நிலைக்கண்ணாடி வைக்கோல் அடைத்த பெட்டியில் ரயிலேறிச் சந்தைக்கு வரலாயிற்று. சரக்கு வந்தபோது அதனோடு ஒட்டிய அச்சமும் வந்தது என்று கொள்வதில் பிழையில்லை.

வந்த அச்சம் இங்கே காலூன்றியதற்கு நம் மரபும் ஒரு காரணம். நமக்குக் கண்ணாடி எண்வகை மங்கலங்களுள் ஒன்று. ஆலயத்தில் இறைவனுக்குக் காட்டும் உபசாரங்களுள் கண்ணாடி காட்டுதலும் உண்டு. திருமணச் சீர்வரிசையில் சீப்போடும் குங்குமத்தோடும் அது இடம்பெறும். மங்கலப் பொருள் உடைந்தால் மங்கலமே குன்றியதாக எண்ணுதல் மனித இயல்பு. ஆனால் அதே கண்ணாடியை நம் தென்னாட்டுப் பெரியோர் வேறு விதமாகவும் கையாண்டனர் என்பதை நினைத்தல் தகும். சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் (1809–1851) வழி நிற்போர் தலைப்பாகை கட்டிக் கண்ணாடி முன் நின்று வழிபடுகின்றனர். தலையில் துணி கட்டும் உரிமையே மறுக்கப்பட்டிருந்த மக்கள் தம் முகத்தைத் தாமே நிமிர்ந்து பார்ப்பதற்கு அது வழி. வடலூரில் 1872 இல் வள்ளலார் எழுப்பிய சத்திய ஞான சபையில் ஏழு திரைகள் விலகியபின் கண்ணாடிக்குப் பின்னுள்ள சோதியே தரிசனமாகின்றது. நாராயண குரு 1927 இல் களவங்கோட்டில் சிலைக்கு மாற்றாகக் கண்ணாடியையே நிறுவினார். இவர்களுள் எவரும் அது உடைந்தால் என்னாகும் என்று மக்களை அச்சுறுத்தவில்லை.

இனி அந்த ஏழாண்டுக் கணக்கு. ஊரில் நம் பாட்டிமார் உடைந்த கண்ணாடியில் முகம் பார்த்தால் தரித்திரம் என்பர். மூதேவி வருவாள் என்பர். எத்தனை ஆண்டு என்று எண்ணிக்கை சொன்னதை யாம் கேட்டதில்லை. கேம்ப்பில் பிறந்து இங்குள்ள ஆங்கிலப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளே ஏழாண்டு என்கின்றனர். அது வியப்பன்று. பட்டாளக் குடியிருப்பாகத் தொடங்கிய கேம்ப்பில் ஆங்கிலேயரும் பார்சிகளும் கோவாக் கிறித்தவரும் மராட்டியரும் தமிழரும் ஒரே தெருவில் வாழ்ந்தனர்; தின்பண்டம் சுவர் தாண்டியது போலச் சகுனமும் சுவர் தாண்டிற்று. அன்றியும் ஏழு என்றவுடன் நமக்கு ஏழரை நாட்டுச் சனி நினைவுக்கு வருமன்றோ? அந்த ஏழரையின் மேல் இந்த ஏழு சென்று பசை போல ஒட்டிக்கொண்டது.

சனி என்றதும் நம் நகரத்துச் சனிவார் வாடாவைப் பேசாமல் விடலாகாது. விடுமுறை நாளில் விருந்தினரை அழைத்துக்கொண்டு நாமெல்லாம் அங்குச் செல்வதுண்டு. முதலாம் பாஜிராவ் பேஷ்வா 1730 சனவரி 10 ஆம் நாள் அதற்கு அடிக்கல் நாட்டினார், அன்று சனிக்கிழமை. 1732 சனவரி 22 இல் புதுமனை புகுந்ததும் சனிக்கிழமையே. செலவு 16,110 ரூபாய். சனியன்று தொடங்கியது விளங்காது என்போர் கேட்கட்டும்: அடுத்த முப்பதாண்டுக்குள், 1758 இல், மராட்டியக் கொடி சிந்து நதிக்கரையில் அட்டக் வரை சென்று பறந்தது.

அம்மாளிகையின் கூடங்களுள் ஒன்று ஜூனா ஆர்சா மஹால் எனப்பட்டது. ஆர்சா என்பது மராத்தியில் கண்ணாடி. பழைய கண்ணாடி மாளிகை என்று பொருள். 1828 பெப்ரவரி 27 ஆம் நாள் வாடாவில் தீப்பற்றி ஏழு நாள் எரிந்தது. கருங்கல் மதிலும் வாயில்களும் அடித்தளமும் நீங்கலாக ஏறத்தாழ யாவும் சாம்பலாயின. கண்ணாடி மாளிகையும் போயிற்று. இத்தனை பெரிய கண்ணாடி அழிவு இந்நகரில் அதற்கு முன் நிகழ்ந்திராது. அதனால் பேஷ்வாக்கள் அழிந்தனர் என்று யாரேனும் சொல்வாராயின், பஞ்சாங்கத்தை எடுத்துக் கணக்குப் பார்க்கட்டும். கிர்க்கிப் போர் நடந்தது 1817 நவம்பர் 5 இல். இரண்டாம் பாஜிராவ் ஜான் மால்கமிடம் சரணடைந்தது 1818 சூனில். கண்ணாடி மாளிகை முழுமையாக நின்றுகொண்டிருந்தபோதே அரசு போய்விட்டது. நாராயணராவ் பேஷ்வா அவ்வாடாவிற்குள்ளேயே வெட்டுண்டு மாண்ட 1773 ஆகஸ்ட் 30 ஆம் நாளிலும் தீ வந்திருக்கவில்லை. கேடு முன்னும் உடைதல் பின்னுமாக இருக்க, ஒன்றை மற்றதன் காரணமெனல் எங்ஙனம்?

ரயில்வேயில் பணி புரியும் நமக்கு இன்னொரு கணக்கும் தோன்றுவதுண்டு. பார்சல் அலுவலகங்களில் கண்ணாடிச் சாமான் வந்திறங்கும்போது எவ்வளவோ உடைகின்றது. உடைந்தால் பெட்டி சரியாகக் கட்டப்பட்டிருந்ததா, சரக்கு யார் பொறுப்பில் பதிவாகியிருந்தது என்றே விசாரிப்பர். ஒவ்வோர் உடைவுக்கும் ஏழாண்டு என்றால், சுமை தூக்கும் தோழர்கள் பலர் கி.பி. 3000 வரை கேட்டில் கிடக்க வேண்டும். அவர்களோ மகளுக்குத் திருமணம் முடித்து நமக்கும் இனிப்பு அளிக்கின்றனர்.

இறுதியாக, உடைசலைத் தேடி வாங்கும் இடமும் உண்டென்பதைக் கூற வேண்டும். லோணாவளா செல்லும் லோக்கல் வண்டியில் ஏறினால் தளேகாவ் நிலையம் வரும். அவ்வூரில் 1908 இல் பைசா ஃபண்ட் கண்ணாடித் தொழிற்சாலை தொடங்கப்பெற்றது. ஆளுக்கு ஒரு பைசா கொடுத்தால் நாட்டுத் தொழிலை வளர்க்கலாம் என்று அந்தாஜி தாமோதர் காளே என்பவர் ஊர் ஊராகத் திரட்டிய நிதி அது. லோகமான்ய திலகர் அதற்குத் துணை நின்றார். விளக்குக் கூண்டு முதலாகக் கண்ணாடிச் சாமான் யாவும் கப்பலில் வந்திறங்கிய காலத்தில், ஏழைகளின் பைசாவால் எழுந்த உலை அது. கண்ணாடி வார்ப்பதற்கு மணலும் சோடா உப்பும் சுண்ணாம்பும் வேண்டும். இவற்றோடு உடைந்த கண்ணாடியையும் பொடித்துச் சேர்த்தால், கலவை குறைந்த வெப்பத்திலேயே இளகிவிடும், எரிபொருளும் மிச்சமாகும். ஆதலால் கண்ணாடித் தொழில் நடைபெறும் இடங்களிலெல்லாம் உடைசலை எறிவதில்லை. நிறம் பிரித்து, கழுவி, எடை போட்டுக் காசு கொடுத்து வாங்கி, உலைக்கருகில் குவித்து வைக்கின்றனர்.